சென்னபட்டணா நடைவண்டியும் அதன் விலையில் ஒளிந்திருக்கும் சுங்க வரியும்

பெங்களூரு ஜெயநகரில் உள்ள ஒரு கைவினைப் பொருள் கடையில், பேரனின் முதல் பிறந்தநாளை முன்னிட்டு, கர்நாடகத்தின் மரப் பொம்மை ஊரான சென்னபட்டணாவின் பெயரில் வாங்கிய மர நடைவண்டி, சொப்புச் சாமான் பெட்டி, யானை வடிவ மரப் புதிர் ஆகிய மூன்றையும், ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக வேறொரு கடையில் வாங்கிய பிளாஸ்டிக் நடைவண்டி ஒன்றையும் பற்றியது இந்த மதிப்புரை. மர நடைவண்டியைத் தயங்காமல் வாங்கலாம். சொப்புச் சாமானை, மூன்று வயது தாண்டிய பிள்ளை இருக்கும் வீட்டுக்கு வாங்கலாம். யானைப் புதிரை வாங்க வேண்டாம். இந்த முடிவுகளுக்கான காரணங்களில் பாதி மரத்திலும் அரக்கிலும் இருக்கின்றன. மீதி, தில்லியில் தாக்கல் செய்யப்படும் நிதிநிலை அறிக்கையில் இருக்கின்றன. அதனால்தான் ஒரு பொம்மைக்கு இவ்வளவு நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

நடைவண்டியிலிருந்து தொடங்குகிறேன். பின்னால் இரண்டு, முன்னால் ஒன்று என மூன்று சக்கரங்கள்; குழந்தை பிடித்து எழுந்து நிற்பதற்கு மார்பளவு உயரத்தில் உருண்டையான குறுக்குக் கட்டை; வண்டி நகர்ந்தால் சுழலும் இரண்டு வண்ணக் குமிழ்கள். நம் ஊர்த் தச்சர்கள் செய்து கொடுத்த நடைவண்டியின் அமைப்புதான், ஆனால் இதில் சக்கரம், கட்டை, குமிழ் எல்லாமே கடைசல் (லேத்) பட்டறையில் உருண்டு வந்தவை. மரம், நாம் வெட்பாலை என்று அறிந்த மரம். வெளிர் நிறமும் மெல்லிய இழையும் கொண்டது, உளிக்கு எளிதில் இணங்குவது. கடைசலில் சுழலும் மரத்தின் மீது வண்ணம் கலந்த அரக்குக் குச்சியை அழுத்திப் பிடித்தால், உராய்வின் சூட்டிலேயே அரக்கு உருகி மரத்தில் படிகிறது. அதன் மேல் தாழை ஓலையை வைத்து அழுத்தும்போது சீராகப் பரவி மினுங்குகிறது. தூரிகைக்கு அங்கே வேலையே இல்லை. நான் வாங்கிய வண்டியில் சிவப்பு வளையம் முடிந்து மஞ்சள் வளையம் தொடங்கும் இடத்தை விரலால் தடவிப் பார்த்தேன். மேடோ பள்ளமோ தட்டுப்படவில்லை. நகத்தால் சுரண்டினாலும் செதில் உரியவில்லை. இதைக் கடைந்தவர் யாராக இருந்தாலும் தேர்ந்த கைக்காரர்.

பயன்பாட்டில் இதன் பெரிய பலம் எடைதான். பிளாஸ்டிக் வண்டி இலேசாக இருப்பதால், குழந்தை சாய்ந்தவுடன் அது முந்திக்கொண்டு ஓடி, பிள்ளை முகங்குப்புற விழப் பார்க்கிறது; மர வண்டி குழந்தையின் அடிக்கு ஈடுகொடுத்து மெல்ல நகர்கிறது. குறை என்று சொன்னால், முன்சக்கரத்தின் அச்சு கிறீச்சிட்டது. மெழுகுவர்த்தித் துண்டு ஒன்றை அச்சில் தேய்த்தவுடன் சத்தம் நின்றது. மழைக்காலத்தில் மரம் சற்று உப்பிச் சக்கரம் இறுகுவதும் உண்டு. வெயில் வந்தால் சரியாகிவிடுகிறது. ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும்: கை கழுவும் சானிடைசரால் இந்தப் பொம்மைகளைத் துடைக்கக் கூடாது. அரக்கு ஆல்கஹாலில் கரையக்கூடியது. மினுமினுப்பு போய்ப் பிசுபிசுப்பாகிவிடும். வெந்நீரும் ஆகாது, வெண்மை பூத்துவிடும். ஈரத்துணியால் துடைத்து உடனே உலர்த்தினால் போதும். இந்தக் குறிப்பைக் கடையில் யாரும் சொல்லவில்லை, அட்டையிலும் அச்சிட்டிருக்கவில்லை.

இனி விலை. மர வண்டியும் பிளாஸ்டிக் வண்டியும் ஏறத்தாழ ஒரே விலைக்குக் கிடைத்தன. கையால் கடைந்த மரச் சாமானும் அச்சில் வார்த்த பிளாஸ்டிக்கும் ஒரே விலையில் அலமாரியில் நிற்பது இயல்பான நிலைமை அல்ல. அதற்குப் பின்னால் ஒரு கொள்கை இருக்கிறது. இறக்குமதிப் பொம்மைகளுக்கான அடிப்படைச் சுங்க வரி 2020 பிப்ரவரி நிதிநிலை அறிக்கையில் 20 சதவீதத்திலிருந்து 60 சதவீதமாக ஒரே தாவலில் உயர்த்தப்பட்டது. 2023-இல் அது 70 சதவீதமாக்கப்பட்டது. இடையில், 2021 ஜனவரி 1 முதல் பொம்மைகளுக்கான தரக்கட்டுப்பாட்டு ஆணை நடைமுறைக்கு வந்து, 14 வயதுக்கு உட்பட்டோருக்கான பொம்மைகள் ஐ.எஸ்.ஐ. முத்திரை பெற்றிருக்க வேண்டும் என்று கட்டாயமாக்கியது. விளைவு உடனே தெரிந்தது: 2018-19-இல் 37.1 கோடி டாலராக இருந்த பொம்மை இறக்குமதி 2021-22-இல் 11 கோடி டாலராகக் குறைந்ததாக மத்திய அரசே பெருமையுடன் அறிவித்தது. இறக்குமதியில் பெரும்பகுதி சீனத்திலிருந்து வந்துகொண்டிருந்தது என்பதால், இதை எதிர்த்துக் குரல் எழுப்ப அரசியலிலும் யாரும் முன்வரவில்லை.

இந்த வரியைக் கட்டுபவர் சீன ஏற்றுமதியாளர் என்று நினைப்பது வழக்கம். கணக்கு அப்படி இல்லை. 100 ரூபாய் மதிப்புள்ள பொம்மை 70 சதவீத வரியோடு துறைமுகத்தைத் தாண்டும்போது 170 ரூபாய் ஆகிறது. அதன் மேல்தான் ஜி.எஸ்.டி., கடைக்காரரின் இலாபம் எல்லாம் ஏறும். உள்நாட்டில் அதே பொம்மையை 120 ரூபாய்க்குச் செய்யக்கூடியவர், அதை 120-க்கே விற்க வேண்டிய கட்டாயம் இல்லை. 160-க்கு விற்றாலும் இறக்குமதிப் பொம்மையைவிட அது மலிவுதான். அந்த இடைவெளியைக் கடைசியில் நிரப்புவது பில் போடும் மேசையின் முன் நிற்கும் தாத்தாவும் பாட்டியும். மானியமாக இருந்தால் அது அரசின் செலவுக் கணக்கில் ஒரு வரியாக நிற்கும், யாருக்கு எவ்வளவு போனது என்று சட்டமன்றத்திலும் நாடாளுமன்றத்திலும் கேள்வி கேட்க முடியும். சுங்க வரியால் கிடைக்கும் பாதுகாப்பு எந்தக் கணக்கிலும் அப்படித் தனியாகத் தெரியாது. என் கையில் இருக்கும் ரசீதில் ஜி.எஸ்.டி. மட்டும் அச்சாகியிருக்கிறது. நான் கொடுத்த பணத்தில் பாதுகாப்புக்குப் போன பங்கு எவ்வளவு என்பது அதில் எங்கும் இல்லை.

ஒளிந்திருந்தாலும் பரவாயில்லை, பிழைப்பு நலிந்த தொழிலாளிக்குத்தானே போகிறது என்று மனத்தைத் தேற்றிக்கொள்ளலாம் என்றால், அந்தப் பிளாஸ்டிக் வண்டியைத் திருப்பிப் பார்க்க வேண்டும். உள்நாட்டுத் தயாரிப்பு என்று பெட்டியில் பெரிய எழுத்தில் போட்டிருக்கிறது, ஐ.எஸ்.ஐ. முத்திரையும் உரிம எண்ணும் தெளிவாக இருக்கின்றன. அந்த மட்டில் ஆணையின் பயன் உண்மையானது; ஈயம் கலந்த சாயமும் கழன்று விழும் சில்லறைப் பாகங்களும் கொண்ட பெயர் தெரியாத பொம்மைகள் சந்தையில் குவிந்திருந்த காலத்தைப் பார்த்தவன் நான், அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் பொருளாகப் பார்த்தால் இது சாதாரணம். கைப்பிடியின் விளிம்பில் வார்ப்புப் பிசிறு நீங்காமல் நிற்கிறது, இசைப் பொத்தான் அழுத்திய பின் உள்ளேயே சிக்கிக்கொள்கிறது, சக்கரம் வழவழப்பான தரையில் வழுக்குகிறது. 70 சதவீதத் தடைக்குப் பின்னால் நின்று விற்கப்படும் சரக்கு இன்னும் கொஞ்சம் மெருகோடு வரலாம்.

தடையால் அதிகம் பயன் பெற்றவர்கள் இத்தகைய வார்ப்பு ஆலைக்காரர்கள்தாம். கர்நாடகத்திலேயே, கொப்பள் மாவட்டத்தில் 400 ஏக்கரில் பொம்மைத் தொழிற்பேட்டை ஒன்று 2020-இல் அறிவிக்கப்பட்டது. நிலம், கட்டமைப்பு, சலுகைகள் என்று பேச்சு அங்கே போனது. சென்னபட்டணாவுக்கு வந்தது பெரும்பாலும் புகழ். 2020 ஆகஸ்டில் பிரதமரின் வானொலி உரையில் அன்றைய ராமநகரம் மாவட்டத்துச் சென்னபட்டணாவின் பெயரும் தஞ்சாவூரின் பெயரும் சேர்ந்தே ஒலித்தன. அதோடு ஒரு விலக்கும் கிடைத்தது: மத்திய கைவினை வளர்ச்சி ஆணையர் அலுவலகத்தில் பதிவு பெற்ற கைவினைஞர்கள் செய்து விற்கும் பொம்மைகளுக்கும், புவிசார் குறியீடு பெற்ற பொம்மைகளை அதற்கு உரிமை பெற்றவர்கள் செய்து விற்கும்போதும், ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம் இல்லை. கைவினைப் பொருட்களுக்கான ஜி.எஸ்.டி. பட்டியலில் சென்னபட்டணா பொம்மையும் தஞ்சாவூர்ப் பொம்மையும் பெயர் சொல்லியே குறிப்பிடப்பட்டிருக்கின்றன. 2025 செப்டம்பரில் அந்த வரி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமானது. இது நேரடியான நன்மை, மறுப்பதற்கில்லை.

விலக்கைப் பற்றித்தான் எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. ஒரு கடைசல் எந்திரமும் இரண்டு ஆட்களும் வைத்துத் தொழில் செய்பவரால் ஒவ்வொரு வகைப் பொம்மைக்கும் ஆய்வகக் கட்டணம் கட்ட முடியாது என்பது உண்மை. ஆனால் விலக்குக் கொடுப்பதால் அரசுக்கு ஒரு ரூபாயும் செலவில்லை. பொம்மை பாதுகாப்பானதா என்று கண்டறியும் பொறுப்பு மட்டும் வாங்குபவர் தலையில் விழுகிறது. சொப்புச் சாமான் பெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். அடுப்பு, பானை, மூடி, அம்மி, குழவி, ஆட்டுக்கல், உரல், உலக்கை, குடம் என்று அத்தனையும் கட்டைவிரல் அளவில் கச்சிதமாகக் கடையப்பட்டிருக்கின்றன. பானையின் மூடி சரியாக உட்காருகிறது. உலக்கை உரலின் அடிவரை இறங்குகிறது. அம்பாசமுத்திரத்துச் சொப்பு வைத்து விளையாடி வளர்ந்த என் மனைவி குடத்தின் கழுத்தை மட்டும் குறை சொன்னார், மற்றபடி ஒத்துக்கொண்டார். ஆயினும் ஆட்டுக்கல்லின் குழவி ஒரு வயதுப் பிள்ளையின் தொண்டையில் சிக்கிக்கொள்ளும் அளவுதான். எந்த வயதுக்கு உரியது என்ற எச்சரிக்கை பெட்டியில் இல்லை. நிறத்தில் இருப்பது மஞ்சள் போன்ற இயற்கைச் சாயமா, வேதிச் சாயமா என்பதற்கும் சான்று இல்லை. பெங்களூரு போன்ற நகரத்தில் சோதனைக்கூடங்களுக்குக் குறைவு கிடையாது. கைவினைஞர்களின் சோதனைக் கட்டணத்தை அரசு ஏற்றுக்கொண்டிருந்தால் அதைத்தான் மானியம் என்பேன். அது கைவினைஞரையும் காப்பாற்றும், என்னைப் போன்ற வாடிக்கையாளருக்கும் கைமேல் ஒரு பயன் கிடைக்கும்.

சான்று இல்லாத இடத்தில் போலி நுழைவதற்கு யானைப் புதிர் உதாரணம். தட்டையான பலகையில் யானையை அறுத்து, துண்டுகளாக்கி, மேலே பளபளக்கும் வண்ணம் பூசியிருக்கிறார்கள். அட்டையில் சென்னபட்டணா என்று எழுதியிருக்கிறது. கடைசல் அரக்கு வேலை சுழலும் பரப்புக்கு உரியது; உருண்டை, கூம்பு, உருளை ஆகியவற்றுக்கு அரக்கு ஏற்றுவது எளிது, அறுத்த தட்டைப் பலகைக்கு அப்படி ஏற்றுவது எளிதல்ல. எனவே இப்படி அறுத்துச் செய்த தட்டைப் பொம்மை என்றால், அது தூரிகையாலோ தெளிப்பானாலோ வண்ணம் பூசப்பட்டதாக இருக்கலாம் என்று சந்தேகிக்க வேண்டும். அந்தப் புதிரின் ஓரங்களில் வண்ணம் திரண்டு நின்றது, பெயின்ட் வாடை இரண்டு வாரம் போகவில்லை, பிள்ளை வாயில் வைத்த முனையில் நிறம் வெளுத்தது. கடைச் சிப்பந்தியிடம் இது அரக்கா பெயின்டா என்று கேட்டபோது, “எல்லாம் சென்னபட்டணா ஐட்டம்தான் சார், ஒண்ணும் ஆகாது” என்றார். மூன்று பொருட்களில் அதிக விலை அதற்குத்தான்.

பாதுகாப்பு வரி பற்றிப் பேசும்போது, அதே சாலையில் சென்னபட்டணாவுக்கு முன்னால் வரும் ராமநகரத்தை விட்டுவிட முடியாது. ஆசியாவின் மிகப் பெரிய பட்டுக்கூட்டுச் சந்தை என்று பெயர் பெற்ற ஊர் அது. கச்சாப் பட்டுக்கான இறக்குமதி வரி 2011-இல் 30 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டது; பட்டுக்கூடு விளைவிக்கும் விவசாயிகள் கொந்தளித்தார்கள். 2013-இல் அது 15 சதவீதமாக மீண்டும் உயர்ந்தது. விவசாயிக்கு இது ஆறுதல், ஆனால் காஞ்சிபுரத்தில் தறி நெய்பவருக்கு நூல்தான் மூலப்பொருள். அவரும் நலிந்த தொழில்காரர்தான், அவருக்கும் அரசு தள்ளுபடியும் மானியமும் கொடுக்கத்தான் செய்கிறது. ஒரு கையால் நூலின் விலையை ஏற்றிவிட்டு, மறு கையால் சேலைக்குத் தள்ளுபடி கொடுப்பது நம் நாட்டில் அன்றாட நடைமுறை. பெங்களூருவின் சில்க் போர்டு சந்திப்பின் நெரிசலில் தினமும் நிற்கும் நம்மவர்களில் எத்தனை பேர், அந்தப் பெயருக்குரிய மத்தியப் பட்டு வாரியம் பக்கத்திலேயே இருந்துகொண்டு இந்தச் சிக்கல்களைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறது என்று யோசித்திருப்பார்கள் என்று தெரியவில்லை. பொம்மையில் அந்த முரண் இல்லை. வரியின் சுமை நேராக வீட்டுக்கு வருகிறது, நடுவில் இன்னொரு தொழிலாளி அடிபடுவதில்லை. அந்த அளவில் பொம்மை வரி பட்டு வரியைவிடத் தேவலை.

கதவை அடைத்து வைப்பதற்கும் கைக்கு வலுவூட்டுவதற்கும் உள்ள வேறுபாட்டைப் பெங்களூரு ஏற்கனவே ஒருமுறை பார்த்துவிட்டது. 1961-இல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் தொழில்நுட்பத்தோடு இங்கே மத்திய அரசு நிறுவனமான எச்.எம்.டி.யின் கடிகார ஆலை தொடங்கியது. வெளிநாட்டுக் கடிகாரங்கள் எளிதில் உள்ளே வர முடியாத காலத்தில் அதுதான் நாட்டின் கடிகாரம். அதன் சந்தையைக் கைப்பற்றியது சுவிஸ் கடிகாரமோ ஜப்பான் கடிகாரமோ அல்ல. டாடா குழுமமும் தமிழ்நாடு அரசின் தொழில் வளர்ச்சிக் கழகமான டிட்கோவும் சேர்ந்து 1984-இல் உருவாக்கி, கூப்பிடு தூரத்தில் இருக்கும் ஓசூரில் ஆலை போட்ட டைட்டன். டிட்கோ போட்டதும் அரசுப் பணம்தான், ஆனால் அது போட்டியில் இறங்குவதற்காகக் கொடுத்த பணம். எச்.எம்.டி.யின் கடிகாரப் பிரிவை மூடும் முடிவு 2016-இல் வந்தது.

சென்னபட்டணாவின் கடைசல்காரருக்குப் போட்டியில் இறங்கத் தேவையானவை எல்லாம் சுங்கச் சாவடிக்கு இந்தப் பக்கம் இருப்பவை. வெட்பாலை மரம் போதுமான அளவில், நியாயமான விலையில் கிடைக்க வேண்டும். அதைத் தோட்டமாக வளர்க்க வேண்டும். ஜார்கண்டிலும் சத்தீஸ்கரிலும் விளையும் அரக்கு சீரான தரத்தில் வந்து சேர வேண்டும். கடைசல் ஓடும் நேரத்தில் மின்சாரம் இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, வாங்குகிறவர் ஊருக்குள் வர வேண்டும். 2023 மார்ச்சில் திறக்கப்பட்ட பெங்களூரு–மைசூரு விரைவுச்சாலை ராமநகரத்தையும் சென்னபட்டணாவையும் சுற்றிக்கொண்டு போய்விட்டது. பழைய சாலையின் இருபுறமும், மைசூருக்குச் சுற்றுலா போகும் குடும்பங்கள் வண்டியை நிறுத்தி வாங்குவதையே நம்பியிருந்த பொம்மைக் கடைகளுக்கு அதனால் வியாபாரம் படுத்துவிட்டது. இறக்குமதி வரியை எத்தனை சதவீதம் ஏற்றினாலும் அந்தக் கடைகளின் முன் ஒரு கார்கூட அதற்காக நிற்கப் போவதில்லை. விரைவுச்சாலையில் அந்த ஊர்களுக்கான பிரிவுக்கு முன்பே கண்ணில் படும்படி ஒரு பலகையும், சாலையோர ஓய்விடங்களில் கைவினைஞர்களுக்கென்று சில கடைகளும் ஒதுக்கினால், செலவு மிகக் குறைவு, பலன் நேரடியானது.

ஜெயநகர்க் கடையின் சேவையைப் பற்றி இரண்டு வார்த்தை. பொருட்களை அழகாக அடுக்கியிருக்கிறார்கள், பொறுமையாகக் கட்டிக் கொடுக்கிறார்கள், கூகுள் பேயில் பணம் வாங்குகிறார்கள். எது யார் கடைந்தது, எது எங்கிருந்து வந்தது என்று கேட்டால் பதில் இல்லை. யானைப் புதிரைத் திருப்பிக் கொண்டுபோனபோது, பிரித்த பொருளைத் திரும்ப எடுப்பதில்லை என்றார்கள். மேலாளரிடம் பேசிய பின்னும் அதே பதில்தான்.

ஆகவே பெங்களூருக்குள்ளேயே வாங்க விரும்புபவர்கள், கர்நாடக அரசின் கைவினை வளர்ச்சிக் கழகம் நடத்தும் காவேரி விற்பனையகத்தையும் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம். ஒரு நாள் ஒதுக்க முடிந்தால், மைசூரு செல்லும் பாசஞ்சர் வண்டியில் ஏறிச் சென்னபட்டணாவிலேயே இறங்கிவிடுவது நல்லது. பட்டறையில் கண்முன்னே கடைந்து தருவதை வாங்கினால் அரக்கா பெயின்டா என்ற கேள்விக்கே இடமிருக்காது. உருண்டையாகக் கடைந்ததை மட்டும் எடுங்கள், உள்ளங்கையில் வைத்துச் சக்கரத்தைச் சுழற்றிப் பாருங்கள், சிறு பாகங்கள் உள்ள சொப்புப் பெட்டியைக் கைக்குழந்தைக்கு வாங்காதீர்கள். நடைவண்டி வாங்கினால் கூடவே ஒரு சக்கரமும் இரண்டு அச்சுக் கட்டைகளும் தனியாகக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பட்டறைக்காரர்கள் அதற்குப் பெரிதாக விலை சொல்வதில்லை.